கொடிவழியில் விடுபட்ட பெயர்கள்



குடும்பத்தின் தலைமுறைத் தொடரை மேலைநாட்டார் மரமாக வரைவர். தமிழர் அதனைக் கொடிவழி என்றனர். கால்வழி என்றும் வழங்கினர். மரம் நட்ட இடத்தில் நிற்பது. கொடியோ வேர்விட்ட இடத்தை விட்டு நெடுந்தொலைவு ஓடி, வேற்றார் வேலியில் பூப்பது. பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துக் குடும்பங்களுக்கு இவ்வுருவகமே பொருந்தும். பருத்தியும் சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் இம்மானாவாரி மண், மழை பொய்த்த ஆண்டுகளில் தன் மக்களை வெளியே அனுப்பியே வந்திருக்கிறது. சிலர் கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றனர். சிலர் கடல் கடந்த கரும்புக் காடுகளுக்குச் சென்றனர். பின்னாளில் சென்னைக்கும் மும்பைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றனர்.

இவ்வாறு பிரிந்தவர்கள் மீண்டும் கூடும் இடம் குலதெய்வக் கோயில். பெரம்பலூருக்குத் தெற்கே, திருச்சி செல்லும் பெருவழியை ஒட்டிய சிறுவாச்சூரில் மதுரகாளியம்மன் கோயில் வழக்கமாகத் திங்களிலும் வெள்ளியிலும் மட்டுமே நடை திறக்கும். அந்நாள்களில் அங்கு வந்து இறங்கும் குடும்பங்கள் ஒரு சாதியினவல்ல, ஓர் ஊரினவுமல்ல. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் நெடிய கற்கம்பமே கலியுக வரதராசப் பெருமாளாக நிற்கிறது. காணாமற்போன தன் பசுவை அக்கம்பத்தருகே கண்டெடுத்த மங்கான் படையாட்சியின் கதையைத் தலவரலாறு கூறும். பங்குனித் திருவிழாவில் தானியமும் கால்நடையும் காணிக்கையாகக் கொண்டுவரும் குடும்பங்களுள் மூன்று தலைமுறைக்கு முன் ஊரைவிட்டுப் போனவர்களும் உண்டு. ஊரில் நிலமில்லை, வீடில்லை, உறவினர் பெயரும் மறந்துபோயிற்று. ஆயினும் குலதெய்வத்தின் பெயர் மட்டும் நினைவிலிருக்கிறது. அந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு பங்காளிகளைத் தேடிவருவோர் பலர்.

மாசிச் சிவராத்திரியிலோ ஆடியிலோ இக்கூட்டம் நிகழும்போது தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி பிரிப்பது வழக்கம். மணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. பொங்கலிட்டு, மொட்டையடித்து, காது குத்தி, கிடா வெட்டிப் பந்தியில் அமர்ந்தபின், மூத்தவர் ஒருவர் கிளைகளை எண்ணத் தொடங்குவார். முன்பு வாய்மொழியாக நடந்த இக்கணக்கு அண்மைக் காலத்தில் பெருந்தாளில் அச்சாகிக் கோயில் மண்டபத்தில் தொங்குகிறது; சிறுநூலாகவும் வெளிவருகிறது. பாராட்டத்தக்க முயற்சிதான். அத்தாளில் எழுதப்படுவன எவை, எழுதப்படாதன எவை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எழுதப்படுவதற்கு உதவும் கருவிகள் தமிழில் சிறப்பாக உள்ளன. பாட்டனின் பெயரைப் பெறுபவன் பெயரன். அதனால் ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறைகளில் திரும்பத் திரும்ப வரும். மு. அழகப்பன் மகன் அ. முத்தையன், அவன் மகன் மு. அழகப்பன் என முன்னெழுத்தும் பெயரும் பாவும் ஊடுமாய் நூல் இழுத்துக்கொண்டே போகும். ஐந்து தலைமுறைக்கு அப்பால் இருவேறு அழகப்பன்களை ஒருவராக மயங்கிவிடுவதும் இதனாலேயே நேர்கிறது. இங்கே ஒன்று சொல்ல வேண்டும்: பாட்டன், பூட்டன், ஓட்டன், சேயோன், பரன், பரை என ஏழு தலைமுறையை அடுக்கி, பரனும் பரையும் சேர்ந்தே பரம்பரை ஆயிற்று என்று மேடைதோறும் கூறப்படுகிறது. கேட்க இனிமையாக இருப்பினும் சொல்லியல் அதற்கு இடந்தரவில்லை. பரம்பரை வடமொழிப் பரம்பராவின் தமிழ் வடிவம். குலவரலாறு எழுதுவோர் இனிமைக்காக உண்மையை நெகிழவிடும் பழக்கம் ஒரு சொல்லில் தொடங்கிப் பெரிய இடம் வரை செல்கிறது. வன்னியர் பெருமை கூறி இரந்துண்ட நோக்கர் போன்ற சாதிப்பிள்ளைகள் கூறியவை, பாளையக்காரர்கள் தம் உரிமையை நிலைநாட்ட எழுதுவித்த வமிசாவளிகள், காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகள் என எவற்றைப் பார்த்தாலும், முதல் முன்னோன் தேவனாகவோ மன்னனாகவோ இருப்பானேயன்றிக் கூலியாளாக இருக்கமாட்டான்.

மன்னர் மரபென்றே கொண்டாலும், இம்மாவட்டத்து மண்ணிலேயே எண்ணத்தக்க சான்றுகள் உள்ளன. இன்று மேலப்பழுவூர், கீழப்பழுவூர் எனப்படும் ஊர்களே பழுவேட்டரையரின் இருப்பிடம். முதலாம் பராந்தகன் பழுவேட்டரையர் மகளை மணந்ததையும், அவள் மகன் அரிஞ்சயன் என்பதையும் சுந்தர சோழன் காலத்து அன்பில் செப்பேடு கூறுகிறது. கங்கைகொண்ட சோழபுரத்து அரியணையில் 1070இல் அமர்ந்த முதற் குலோத்துங்கனோ தந்தை வழியில் வேங்கி நாட்டுக் கீழைச்சாளுக்கியன். அவன் தாய் அம்மங்கைதேவி, கங்கைகொண்ட இராசேந்திரனின் மகள். தந்தையைப் பெற்ற பாட்டி குந்தவை, முதலாம் இராசராசனின் மகள். மகள் வழியை நீக்கிவிட்டு எழுதினால் இவன் சோழ மரபிலேயே இடம்பெறமாட்டான். செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் இராச பாரம்பரியம் என ஒரு பகுதியையே அமைத்து அவனைச் சோழர் வரிசையில் நிறுத்தினார். அரசு வேண்டியபோது தாய்வழியும் வழியாயிற்று.

குடிமக்கள் வீட்டில் அப்படியில்லை. கோயில் மண்டபத்தில் தொங்கும் தாளில் மகன்களின் பெயருக்குக் கீழே கோடுகள் கிளைக்கும். மகளின் பெயர் இருந்தால் அங்கேயே கோடு முடியும். மணமானவுடன் அவள் குலதெய்வம் மாறுகிறது, முன்னெழுத்து மாறுகிறது. தலைக்கட்டு வரியில் அவள் எண்ணப்படுவதில்லை. மருமகள் அத்தாளில் இடம்பெறுவதுண்டு; ஆனால் அவள் யார் மகள், எவ்வூர் என்பது இடம்பெறுவது அரிது. தமிழ்த்தாத்தாவின் பெயரே இதற்குச் சான்று. அரியலூரிலும் குன்னத்திலும் இளமைக் கல்வி கற்ற உ. வே. சாமிநாதையர், 1855இல் பிறந்தது தாயின் ஊரான சூரியமூலையில். அவர் பெயர் முன் நிற்கும் ‘உ’வோ தந்தையின் ஊரான உத்தமதானபுரம். தாய் ஊரின் தடம் அவர் முன்னெழுத்தில் இல்லை. அவர் தாமே எழுதிய தன்வரலாற்றில்தான் அதனைக் காண முடிகிறது.

இது வெறும் மரியாதைக் குறைவென்று தள்ளத்தக்கதன்று. குடும்பக் கொடிவழியில் மறைந்தவர் ஒருவர் எழுதிவைத்த உறவுக் குறிப்பு, வழக்கு எழுவதற்கு முன்பே எழுதப்பட்டிருந்தால், நீதிமன்றத்தில் சான்றாகலாம் என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் கூறிற்று. 2024 சூலை 1 முதல் அதனிடத்தில் வந்துள்ள புதிய சட்டமும் அவ்வாறே கூறுகிறது. மண்டபத்தில் மகிழ்ச்சிக்காக ஒட்டிய தாள் முப்பது ஆண்டு கழித்துப் பாகப்பிரிவினை வழக்கில் மடிப்புக் கலைந்து விரியக்கூடும். தமிழ்நாடு 1989 மார்ச்சு 25 முதல், அன்று மணமாகாதிருந்த மகளிர்க்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை வழங்கிற்று. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த நடுவணரசின் திருத்தம் மணமான மகளிர்க்கும் அதனை விரித்தது. அந்நாளில் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை என உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டு 11இல் தெளிவுபடுத்தியது. சட்டம் மகளுக்கு எழுதிக்கொடுத்த இடத்தை, உறவினர் கூடிப் பந்தியுண்டு அடித்துவிடுவது எவ்வகையில் தகும்?

மகளிர் பெயரை எழுத இயலாது, மரபு இடந்தராது என்று கூறுவோர் உளர். சீனத்தில் கன்பூசியஸ் மரபினர் தம் கொடிவழியை 1937க்குப் பின் 2009இல் புதுப்பித்து வெளியிட்டனர். இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் உள்ளன. பெண்மக்களின் பெயர்கள் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டன. இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட வழக்கத்தை அவர்கள் ஒரு பதிப்பில் மாற்றிக்கொண்டனர்.

அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டுவதில்லை. கொள்ளிடக் கரையை அடுத்த ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். அவ்வூரையே திருக்காவலூர் என்று கலம்பகம் பாடினார். கத்தோலிக்கத் திருச்சபையின் திருமுழுக்குப் பதிவேட்டில் குழந்தையின் பெயரோடு தந்தை, தாய், ஞானப்பெற்றோர் பெயர்களையும் எழுதுவது விதி. ஆகவே இவ்வட்டாரத்துக் கிறித்தவக் குடும்பமொன்று தாய்வழியைத் தேடப் புகுந்தால், பங்கு ஆலயத்தில் அதற்கு ஒரு வாயில் இருக்கிறது. மற்றக் குடும்பங்களுக்கு அவ்வாயில் இல்லை.

நிலமில்லாதார் நிலை இன்னும் இரங்கத்தக்கது. கிராமத்து அ-பதிவேடு நிலத்துக்கு உரியவரின் பெயரைத்தான் சொல்லும்; வயலில் உழைத்தவரின் பெயரைச் சொல்லாது. உழைத்தவரின் பெயர் கப்பலேறியபோதுதான் எழுதப்பட்டது. 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து துரூரோ என்னும் கப்பல் 342 பேரோடு தென்னாப்பிரிக்காவின் தர்பன் துறையை அடைந்தது. 1911 வரை நேத்தாலுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர் என்று தனித்தனிக் கட்டம். பெண்ணுக்கும் குழந்தைக்கும் தனி எண் உண்டு. பெரம்பலூரும் உடையார்பாளையமும் அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்து வட்டங்கள். மொரீசியசில் மோக்கா என்னுமிடத்து மகாத்மா காந்தி நிறுவனம் இத்தகைய குடியேற்ற ஆவணங்களைக் காத்துவருகிறது. அவற்றுள் கூலிகளின் ஒளிப்படங்களும் உள்ளன. கரும்புத் தோட்ட முதலாளியின் கணக்குக்காக, காதில் விழுந்தபடி சிதைத்து எழுதப்பட்ட ஏடுகள்தாம் இவை. ஆயினும் சொந்த ஊர் எழுதிவைக்காத பெண்ணின் பெயரும் தந்தை பெயரும் அவற்றில் உள்ளன. இன்று அங்கிருந்து வேர்தேடி வருபவர் பெரும்பாலும் கையில் கொண்டுவருவது இத்தகைய ஒரு பதிவின் படியைத்தான். அவர் தேடிவரும் ஊரில், கப்பலேறியவள் யார் வீட்டு மகள் என்று ஒப்பிட்டுப் பார்க்க எந்தத் தாளும் இல்லை.

தாளில் இல்லாதது முற்றும் அழிந்துவிடவில்லை. அதே குலதெய்வக் கோயிலில் குழந்தைக்குக் காது குத்தும்போது யார் மடியில் உட்கார வைக்கிறார்கள்? தாய்மாமன் மடியில். பங்காளிகள் கூடிய இடத்தில், கொடிவழியில் பெயரில்லாத ஒரு வழி, பட்டுத்துண்டும் சீர்த்தட்டுமாக நடுவில் வந்து அமர்கிறது. பூப்பு நீராட்டில் தாய்மாமன் சீர். இறப்பில் பிறந்த வீட்டுக் கோடி. ஒரு பெண்ணின் வாழ்வில் வரும் சடங்குகளை வரிசையாக எடுத்தால் அவள் தாய்வழியின் ஊர்கள் தாமே வந்து நிற்கும். ஒப்பாரியோ அதனினும் விரிவான ஆவணம். பிறந்த வீட்டு வாசல், அண்ணன் தம்பியர் பெயர், சீர் வந்த வழி, வராமற்போன சீர் அனைத்தையும் அது பாடும். நாட்டார் பாடல் தொகுப்போர் அதனைப் பெரும்பாலும் துயரச் சுவைக்காகத் தொகுத்தனர். உறவின் வரைபடமாக அதனைப் படித்தவர் குறைவு. பாடுவோரின் ஊர், உறவு பற்றிய குறிப்பின்றித் தனிப்பாடலாக அச்சிட்டதால் பாதிப் பயன் போயிற்று என்றே கூற வேண்டும்.

இவ்வட்டத்துக் கவிஞர்கள் பலரும் ஊர்க்கோயில் விழாக்களுக்குச் செல்பவர்கள். வாழ்த்துப்பாவும் குலப்பெருமைப் பாவும் எழுதித் தருமாறு உறவினரால் வேண்டப்படுபவர்கள். அடுத்த மாசியில் அவ்வேண்டுகோள் வரும்போது, பாவினும் தேவையான பணி ஒன்று மண்டபத்தின் ஓரத்தில் காத்திருக்கும். ஆண்கள் பெருந்தாளைச் சுற்றி நின்று எந்த அழகப்பன் மூத்தவன் என்று வழக்காடிக்கொண்டிருப்பர். சற்றுத் தள்ளி, தூணில் சாய்ந்து காலை நீட்டி வெற்றிலை மெல்லும் மூதாட்டியரிடம் எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஒரு குறிப்பேட்டோடு அவர்கள் அருகில் அமரலாம். பாட்டன் பெயரைக் கேட்டால் மறந்துவிட்டதென்று கூறக்கூடும். கேள்வியை வேறாக அமைக்க வேண்டும். “அம்மாயி, உங்க ஆத்தாளுக்குப் பொறந்த வீட்டுக் கோடி எந்த ஊர்லேருந்து வந்துச்சு?”