மீன் தொட்டியும் ஈசானிய மூலையும்

(வாசகசாலைக் கூட்டமொன்றில் பேசியது)

 

கடவுள், மதம், ஜாதி இவைகளைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் இவன் மீன் தொட்டியைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று உங்களில் சிலர் சிரிக்கலாம். ஆனால், ஒரு குடும்பத்தின் தலைக்கு மேல் 900 கிலோ கனம் நிற்குமா விழுமா என்கின்ற காரியத்தைக்கூட நம் ஜனங்கள் வாஸ்துக்காரனிடம் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள் என்றால், அதைப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

எனது நண்பரொருவர், படித்தவர்தான், தன் மாடியில் 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வைக்க ஆசைப்பட்டார். வாஸ்துக்காரர் வந்தார். ஈசானிய மூலையில்தான் வைக்க வேண்டும் என்றார். நம்மூர் சாஸ்திரம் போதாதென்று சீன தேசத்துச் சாஸ்திரத்தையும் சேர்த்துக்கொண்டு, எட்டுத் தங்க மீனும் ஒரு கறுப்பு மீனும் விட வேண்டும் என்றார். வீட்டுக்கு வரும் கேட்டை மீன் தன்மேல் ஏற்றுக்கொண்டு செத்துப்போகுமாம்! தண்ணீர் மாற்றாததால் செத்தது என்று மட்டும் எவரும் சொல்லுவதில்லை. பணம் வாங்கிக்கொண்டு போன அந்த மனிதர், தொட்டியின் கனம் என்ன என்று ஒரு வார்த்தை கேட்டாரா? இல்லை.

நாம் கணக்குப் பார்ப்போம். அந்தத் தொட்டி 24 கன அடி. அதில் பிடிக்கும் தண்ணீர் சுமார் 680 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இதோடு கண்ணாடி, கூழாங்கல், தாங்கும் மேஜை எல்லாம் சேர்ந்தால் ஏறக்குறைய 900 கிலோ. அதாவது 12 சதுர அடி இடத்தில் பதினான்கு ஆட்கள் இராப்பகலாய் நகராமல் நிற்பதற்குச் சமானம். சதுர அடிக்கு 75 கிலோ ஆகிறது. குடியிருக்கும் வீட்டின் தளத்துக்கு இந்தியத் தர விதியில் கணக்கிடும் பாரமோ சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. சதுர அடிக்கு 19 கிலோகூட இல்லை.

அப்படியானால் வைத்த உடனே இடிந்து விழுமா என்றால், அப்படியுமல்ல. அந்த 200 கிலோ என்பது அறை முழுவதும் பரவி நிற்கும் பாரத்துக்குச் சொன்னது. சுவரை ஒட்டியோ, உத்திரத்தின் மேலோ வைத்தால், கனம் நேரே சுவருக்கும் தூணுக்கும் போய்விடும். அறையின் நடுவில் வைத்தால் தளம் வளைகிறது. பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில், ஒரே தேக்குக் கட்டையின்மேல் நீளவாட்டில் வைப்பது ஆபத்து. பல கட்டைகளுக்குக் குறுக்காக வைப்பது மேல். அதுவும் கட்டையின் நுனி சுவருக்குள் ஈரத்தாலும் கரையானாலும் உளுத்திருந்தால் எந்த வைப்பும் பயனில்லை. இரண்டடி நீளச் சிறு தொட்டிக்கு இவ்வளவு யோசனை வேண்டாம். நல்ல தளம் தாங்கும்.

நண்பர் வீட்டு ஈசானிய மூலை எது தெரியுமா? சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக் கட்டிய பாகம்! கீழே தாங்க ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட தளத்தைத் தாங்குவது மேல்புறத்தில் வைத்த கம்பி. காங்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து அந்தக் கம்பி கீழே அமுங்கியிருந்தால், பலம் பாதியாய்ப் போயிருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. அதன் நேர் கீழே, குடித்தனக்காரர் வீட்டுக் கிழவி பகலெல்லாம் கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பார். அந்த அம்மாளை யாரும் யோசனை கேட்கவில்லை.

உத்திரம் எவ்வளவு தாங்கும் என்று கணக்கிட முற்பட்ட முன்னோடி, இத்தாலி தேசத்துக் கலீலியோ. பூமி சுற்றுகிறது என்று சொன்னதற்காக 1633இல் மத விசாரணை மன்றத்தாரால் தண்டிக்கப்பட்டு, வீட்டுக் காவலில் இருந்தபடியே எழுதி, அந்தப் புஸ்தகம் 1638இல் லெய்டன் நகரில் அச்சாயிற்று. அவர் கணக்கிலும் ஒரு தப்பு இருந்தது. பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். ஈசானிய மூலையை இதுவரை எந்த வாஸ்துக்காரராவது திருத்தியிருக்கிறாரா?

நண்பரோடு சண்டை போட்டு ஒரு இன்ஜினீயரை அழைத்துவரச் செய்தேன். அவர் தளத்தைப் பார்த்துவிட்டு, மாடியிலேயே வேண்டாம் என்றார். தொட்டி இப்போது கீழ்த்தளத்தில், வாஸ்துக்காரர் ஆகாதென்ற நைருதி மூலையில் இருக்கிறது. அதனால் நைருதி நல்ல மூலை என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே தரைக்கடியில் மண் இருக்கிறது, அவ்வளவுதான்.