கைக்காசுக் கொழுந்தும் சேமலாப நிதியும்



மலைநாட்டில் கம்பனிகள் சில, செக்ரோலில் பெயர் பதிந்து நாட்சம்பளம் வழங்குவதைச் சுருக்கி, தேயிலை மலையைப் பகுதி பகுதியாகக் குடும்பங்களிடம் ஒப்படைத்து, பறித்த கொழுந்துக்கு மட்டும் கிலோக் கணக்கில் காசு கொடுக்கின்றன. "இனி நீங்கள் சுயதொழில் புரிவோர்" என்கின்றனர். கேட்க இனிக்கின்றது! நிலக் குத்தகை யார் கையில்? கொழுந்தை நிறுப்பவர் யார்? விலை சொல்பவர் யார்? மூன்றுக்கும் விடை கம்பனியே.

1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிரந்தரத் தொழிலாளருக்கு மட்டும் உரியதன்று. தற்காலிகமாக உழைப்பவருக்கும், வேலையின் அளவுக்குக் கூலி பெறுபவருக்கும் வேலைகொள்வோர் நூற்றுக்கு 12 வீதம் செலுத்தியாக வேண்டும். 1980 ஆம் ஆண்டின் ஊழியர் நம்பிக்கை நிதிச் சட்டப்படி மேலும் 3 வீதம். தொழிலாளியைக் 'குத்தகைக்காரர்' என்று எழுதிவிட்டால் இக்கடமை ஒழிந்தது என எண்ணுகின்றனர் போலும். நீதிமன்றம் நோக்குவது பெயரையன்று, உறவின் தன்மையையே. ஆயினும் வழக்கு முடிய ஆண்டுகள் செல்லும் என்பதைச் சட்டத்தொழில் புரியும் நாம் நன்கறிவோம்.

(அறுவடைக்கு இரண்டு நாள் ஆள் பிடிக்கும் கிளிநொச்சிக் கமக்காரரை நாம் இங்கு சாடவில்லை, அவர் நிலை வேறு.)

ஒப்படைப்புக் காலம், கொழுந்து விலையைத் தீர்மானிக்கும் முறை, 1983 ஆம் ஆண்டின் சட்டப்படி இதுவரை சேர்ந்த பணிக்கொடை ஆகிய மூன்றையும் தமிழில் எழுதித் தரும்படி கேளுங்கள். அவை இல்லாத பத்திரத்தில் கையொப்பமிடாதீர்கள்.