தைலப் பாட்டில் எங்கே இருக்கிறது?

வங்கியில் பற்று வரவு எழுதியவனுக்கு வேதியியல் எதற்கு என்று கேட்பீர்கள். போன மாதம் என் இரண்டு வயதுப் பேத்தி யூகலிப்டஸ் தைலப் பாட்டிலைத் திறந்து வாயருகே கொண்டுபோய்விட்டாள். நல்லவேளை, அவள் பாட்டி பார்த்துப் பிடுங்கிவிட்டாள். அதன்பிறகுதான் தேடிப் படித்தேன்.

இந்தத் தைலத்தில் பெரும்பங்கு சினியோல். கிராம்பு எண்ணெயில் யூஜினால், பொதுவாக 70 சதவீதத்துக்கு மேல். கிருமியைச் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய சவ்வு உண்டு. எண்ணெய் அதில் புகுந்து குலைத்துவிட, உள்ளிருப்பது கசிந்து கிருமி சாகிறது. ஆய்வுக்கூடத்தில் இது உண்மைதான். அங்கே எண்ணெய் கிருமியை நேரே தொடுகிறது. டிஃப்யூசரில் நாலு சொட்டு விட்டால் ஹால் மணக்கும். கிருமி ஒழிந்ததாக வரவு வைக்க முடியாது.

குழந்தைக்கு இது விஷம். ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி உள்ளே போனாலே மயக்கம், வலிப்பு வரலாம். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; தைலம் நுரையீரலுக்குள் போய்விடும். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

எங்கள் வீட்டில் அது இருமல் மருந்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. இப்போது பீரோவின் மேல்தட்டில், பூட்டி வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டில்?