இரத்தம் கூடினால் கொழுந்தும் கூடும்
(முந்தலில் நிகழ்த்திய உரை)



மலையிலிருந்து இறங்கி வந்த நமக்கு இந்த முந்தல் வெயில் கொஞ்சம் கூடத்தான். காலையில் களப்புப் பக்கம் போய், இறால் பண்ணையிலும் தென்னந்தோட்டத்திலும் வேலை செய்கிறவர்களோடு பேசிக்கொண்டிருந்தோம். அதில் ஒரு ஐயா கேட்டார்: "தொழிலாளிக்கு மருந்து, சோதனை என்று செலவழிச்சா முதலாளிக்கு என்னங்க கிடைக்கும்?" நல்ல கேள்வி. அதற்கான பதில் நம்ம தேயிலை மலையிலேயே இருக்கிறது.

1979ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மருத்துவச் சஞ்சிகை ஒன்றில், இலங்கைத் தோட்டத்துப் பெண்களைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. இரத்தம் குறைந்திருந்த பெண்களில் சிலருக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. ஒரு மாதம் கழித்து அவர்கள் எடுத்த கொழுந்தை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரும்புச்சத்தால் இரத்தம் கூடியவர்களின் கூடையில் கொழுந்தும் கூடியிருந்தது! டெசிலீற்றருக்கு 12 கிராம் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 6, 9 என்று கிடந்தவர்களிடம்தான் முன்னேற்றம் அதிகம்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. மூச்சுக் காற்றைக் கை காலுக்குக் கொண்டு போவது இரத்தம். அது குறைந்தால் மேட்டில் நாலு அடி ஏறினாலே மூச்சு வாங்கும், தலை சுற்றும். கங்காணி அதைச் சோம்பல் என்பார். எத்தனை பொம்பளைங்க அந்தப் பேச்சைக் கேட்டிருப்பீங்க!

அந்தக் காலத்துத் துரைமாருக்கும் இது தெரியாமல் இல்லை. 1910களில் றொக்பெல்லர் நிறுவனத்தார் கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுக்கத் தோட்டங்களுக்கு வந்தார்கள். வெறுங்காலில் மண்ணை மிதித்தால் தோல் வழியாக ஏறி, குடலில் தங்கி இரத்தம் குடிக்கிற புழு அது. மருந்து கொடுக்கத் துரைமார் சம்மதித்தார்கள். கக்கூஸ் கட்டத்தான் பலருக்குக் கை வரவில்லை. அதனால் குணமானவர்களுக்கே புழு திரும்பவும் வந்தது. பாதிச் செலவு செய்தால் முழுச் செலவும் வீண்தானே?

ஆகவே இரும்புச்சத்து மாத்திரை, பூச்சி மருந்து, கக்கூஸ், மலைக்குக் குடிதண்ணீர், நல்ல பிள்ளைக் காம்பரா, இதையெல்லாம் கேட்கும்போது தலையைச் சொறிந்துகொண்டு தருமம் கேட்பது போல் நிற்காதீங்க. தோட்டத்துக்கும் லாபமான காரியத்தைத்தான் கேட்கிறோம். ஆனால் ஒன்று. தெம்பு வந்து நாலு கிலோ கூட எடுத்தால், மறுநாளே அதைக் காரணம் காட்டி நாள் கணக்குக் கிலோவை உயர்த்தக் கூடாது. அந்தக் கூடுதலில் உங்களுக்கும் பங்கு உண்டு என்று தலைவர்மார் பேச்சுவார்த்தையில் சொல்ல வேண்டும்.

நம்ம பக்கத்துத் தவறும் ஒன்று இருக்கிறது. கொடுக்கிற மாத்திரையை "வயிற்றைப் பிரட்டுது" என்று கூரை ஓட்டில் செருகி வைக்கிறோம். சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கிப் பாருங்க, பிரட்டல் குறையும். ஆனால் சாப்பிட்ட கையோடு சாயத்தண்ணி வேண்டாம். நாம் பறிக்கிற தேயிலையேதான் இரும்புச்சத்து உடம்பில் சேராமல் தடுக்கிறது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம். கீரைக்குத் தேசிக்காய் பிழிஞ்சுக்குங்க. இந்தக் கரையில் காயப்போடுகிற நெத்தலியைத் திரும்பும்போது கொஞ்சம் வாங்கிட்டுப் போங்க. கடைக்கு வருகிறதை விட மலிவாக இருக்கும்.

வெளியே மர நிழலில் மருத்துவமாது இரத்தம் பார்க்க உட்கார்ந்திருக்கிறார். விரலில் ஒரு குத்துத்தான். கர்ப்பிணித் தாய்மார் முதலில் போகட்டும்.