தாத்தாவின் கூழும் பேரனின் மாத்திரையும்

(வானொலியில் பேசிய உரை)



போன மாதம் ஒரு கிராமத்தில் நிலக்கடலை வயல்விழா நடந்தது. விதை நேர்த்தியைப் பற்றிப் பேசி முடித்து, "சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்றேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு விவசாயி எழுந்தார். "சார், எங்க தாத்தா எண்பது வயசு வரைக்கும் ஏர் பிடிச்சார். ஆஸ்பத்திரி வாசப்படியை மிதிச்சதில்லை. நான் இந்த வயசிலேயே காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டுன்னு மாத்திரை முழுங்கறேன். அந்தக் காலத்து வாழ்க்கைதானே சார் ஆரோக்கியம்?" என்று கேட்டார். கூட்டம் முழுவதும் தலையாட்டியது.

கடலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் தட்டிக் கழித்திருக்கலாம். ஆனால் இதே எண்ணம் எங்கள் குடும்பத்தில் ஒருவரின் கால் விரல்களைக் கொண்டுபோய்விட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. உங்கள் தாத்தா எண்பது வயது வாழ்ந்தார், சரி. அவரோடு கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் தாத்தா, பாட்டி ஆனார்கள்? என் பாட்டி ஒன்பது பிள்ளை பெற்றாள். பிழைத்தது ஐந்து. பேதியில் இரண்டு, பெரியம்மையில் ஒன்று, பிறந்த மூன்றாம் நாளே ஒன்று போய்விட்டன. நாற்றங்காலில் தழைத்து நிற்கும் நாற்றைப் பார்த்து, "ஆகா, என்ன வீரியமான விதை" என்கிறோம். முளைக்காமல் போன விதையை யார் எண்ணுகிறார்கள்? நாட்டுக்குச் சுதந்திரம் வந்த சமயத்தில் நம் சராசரி ஆயுள் சுமார் 32 வயதுதான். இன்று அது 70 வயதை ஒட்டி இருக்கிறது. அன்று குழந்தைகள் கொத்துக் கொத்தாக இறந்ததுதான் அந்தச் சராசரியை அவ்வளவு கீழே இழுத்தது.

என் பாட்டியின் கணுக்காலில் ஒரு தழும்பு உண்டு. நரம்புச் சிலந்தி வந்த தழும்பு. இளையவர்களுக்கு அந்தப் பெயரே தெரியாது. படிக்கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொள்ளுவார்கள். நோய் வந்தவரின் கால் தண்ணீரில் பட்டதும், புண்ணிலிருந்து புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் இறங்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நீர்ப்பூச்சி அவற்றைத் தின்னும். அந்தத் தண்ணீரை வடிகட்டாமல் குடித்தவருக்கு ஒரு வருஷம் கழித்து, இரண்டு மூன்று அடி நீளப் புழு காலைப் பொத்துக்கொண்டு வெளியே வரும். அதைக் குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக இழுப்பார்கள். அறுவடைக் காலத்தில் வீட்டில் ஓர் ஆள் இப்படிப் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கைக்குழாய் வந்தது, தண்ணீரைத் துணியில் வடிகட்டும் பழக்கம் வந்தது. 1996ஆம் ஆண்டோடு இந்தியாவில் அந்த நோய் தீர்ந்தது. பெரியம்மை 1975ஆம் ஆண்டோடு தீர்ந்தது. இவற்றை ஒழித்தது புதிய காலம்தான்.

அப்படியானால் அந்த விவசாயி கேட்டது தப்பா? இல்லை. அவர் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது.

தாத்தா சாப்பிட்டது கம்பும் கேழ்வரகும் சோளமும். 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 340 மில்லி கிராமுக்குக் குறையாது. தீட்டிய அரிசியில் சுமார் 10 மில்லி கிராம்தான். கம்பில் இரும்புச் சத்து 6 முதல் 8 மில்லி கிராம் வரை உண்டு. தீட்டிய அரிசியில் 1 மில்லி கிராம்கூட இல்லை.

அரிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1890களில் ஜாவா தீவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் கோழிகளைக் கவனித்தார். தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் கால் தள்ளாடி விழுந்தன. தவிடு போட்டதும் எழுந்து நடந்தன. கோழியை எழுப்பிய அந்தத் தவிட்டை நாம் என்ன செய்கிறோம்? மாட்டுத் தொட்டியில் கொட்டிவிட்டு, வெள்ளை வெளேர் என்று தீட்டிய அரிசியை நாம் சாப்பிடுகிறோம். இந்த விஷயத்தில் மாடு நம்மைவிடப் புத்திசாலி! நெல்லை அவித்துப் புழுங்கல் ஆக்குவது நம்மவர்களின் நல்ல பழக்கம். அவிக்கும்போது தவிட்டுச் சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது.

இன்னொன்று, உழைப்பு. தாத்தா கவலை இறைத்தார், காட்டுக்கு நடந்தே போனார். நாம் சுவிட்சைத் தட்டினால் மோட்டார் ஓடுகிறது. வயலுக்கு வண்டியில் போகிறோம். மறுபடியும் கவலை இறையுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உழைப்பு குறைந்தும் சோற்றின் அளவு மட்டும் குறையவில்லையே! இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி. அது பட்டணத்து வியாதி என்று இனிமேல் சொல்ல முடியாது. கிராமத்திலும் பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் 9 பேருக்கு இருக்கிறது.

இப்போது எங்கள் குடும்பக் கதை. என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், நல்ல உழைப்பாளி. நாற்பத்தெட்டு வயதில் சர்க்கரை என்று தெரிந்தது. ஒரு வருஷம் மாத்திரை சாப்பிட்டார். பிறகு யாரோ, "பழைய சாப்பாட்டுக்குப் போ, மாத்திரையைத் தூக்கிப் போடு" என்றார்கள். அண்ணன் மாத்திரையை நிறுத்திவிட்டு, வேளைக்கு ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ் குடித்தார். கூழ் நல்லதுதான். ஆனால் மாவாக அரைத்துக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை வேகமாகவே ஏறும். அண்ணனுக்கு அது தெரியாது. அவரிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டிய தம்பி நான், ஊர் ஊராகப் போய் மற்றவர்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். செருப்பில்லாமல் நடந்தபோது காலில் முள் குத்தியது. உணர்ச்சி குறைந்த கால், வலி தெரியவில்லை. புண் அழுகிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். இரண்டு விரல்களை எடுத்தார்கள். இன்று வரப்பில் அவர் கோல் ஊன்றி நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை.

ஆகவே பெருமக்களே, நல்ல விதையைப் பொறுக்கி எடுப்பதுபோல இரண்டு காலத்திலிருந்தும் நல்லதைப் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

ஒன்று, மானாவாரி நிலத்தில் வீட்டுத் தேவைக்கென்று பத்து சென்டிலாவது கம்போ கேழ்வரகோ போடுங்கள். வரப்போரம் தட்டைப்பயறு, துவரை இருக்கட்டும். களியோ அடையோ, கீரையும் பயறும் சேர்த்து அளவாகச் சாப்பிடுங்கள்.

இரண்டு, ரைஸ் மில்லில் நெல் அரைக்கும்போது, "ரொம்பத் தீட்ட வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மூன்று, குடிதண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். கக்கூஸ் கட்டியிருந்தால் அதில் விறகு அடுக்காதீர்கள். பிரசவம் ஆஸ்பத்திரியில், குழந்தைக்குத் தடுப்பூசி தவறாமல்.

நான்கு, முப்பது வயது தாண்டியவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள். மண் பரிசோதனை செய்யாமல் உரம் போடாதீர்கள் என்று நாங்கள் சொல்கிறோம் அல்லவா? உடம்புக்கும் அதே பேச்சுதான். டாக்டர் கொடுத்த மாத்திரையை அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் வயலுக்குச் செருப்போடு போங்கள். ராத்திரி படுக்கும் முன்பு பாதத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

வயல்விழாவில் கேள்வி கேட்ட அந்தப் பெரியவருக்கும் இதையேதான் சொன்னேன். "அப்போ மாத்திரையும் வேணும், கம்பும் வேணும்கிறீங்க" என்றார். ஆமாம் ஐயா, அதேதான்.