கண் மூடாத உறக்கம்: வீட்டார் கவனிக்க வேண்டியது

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





நம்மில் சிலர் கண்ணை முழுதாக மூடாமல் உறங்குகிறார்கள். அது அவர்களுக்கே தெரியாது. காலையில் எழுந்ததும் மணல் விழுந்ததுபோல் கண் உறுத்தும், சிவந்திருக்கும், பார்வை மங்கலாக இருக்கும். "கண் சூடு" என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

சூரத்துல் கஹ்ஃபை ஓதுபவர்களுக்குக் குகைத் தோழர்களின் உறக்கம் நினைவுக்கு வரலாம். அது இறைவனின் அத்தாட்சி. நம் வீட்டில் நடப்பது உடல் சார்ந்த குறை. அதற்கு மருத்துவம் இருக்கிறது.

விழித்திருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 15 முறை கண் சிமிட்டுகிறோம். ஒவ்வொரு முறையும் கண்ணீர் கருவிழி மீது பரவுகிறது. உறக்கத்தில் சிமிட்டல் இல்லை. மூடிய இமைதான் ஈரத்தைக் காக்கிறது. இமை திறந்திருந்தால் கருவிழி காய்ந்துபோகும். அதில் கிருமி புகுந்தால் புண்ணாகும். புண் ஆறினாலும் தழும்பு பார்வையை மறைக்கலாம்.

எல்லோரும் பயப்பட வேண்டாம். கைக்குழந்தைகள் பலர் அரைக்கண் திறந்து உறங்குவார்கள். கண் சிவக்காமல், பூளை கட்டாமல் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. ஆனால் முகவாதம் வந்தவர்கள், தைராய்டு கோளாறால் கண் பிதுங்கியவர்கள், இமையில் தீக்காயமோ அறுவை சிகிச்சையோ ஆனவர்கள், தொழுநோயால் முக நரம்பு பாதிக்கப்பட்டவர்கள், நினைவில்லாமல் படுக்கையில் இருப்பவர்கள் ஆகியோரின் கண்களைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

முகவாதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாய் ஒரு பக்கம் கோணினால் "காத்து பட்டிருக்கு" என்று நாட்களைக் கடத்துகிறோம். அது பக்கவாதத்தின் அறிகுறியாகவும் இருக்கலாம். வெறும் முகவாதம் என்றாலும், மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். துஆச் செய்வோம், உடனே மருத்துவமனைக்கும் போவோம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? நன்றாக உறங்கிய பின், மங்கலான வெளிச்சத்தில் தாழ இருந்து பாருங்கள். இமைகளுக்கிடையே இடைவெளி தெரிந்தால், அவரிடம் முன்பே சொல்லிவிட்டு, செல்போனில் ஒரு படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

மின்விசிறி, ஏசி காற்று நேராக முகத்தில் படாமல் படுக்கையைத் திருப்பிப் போடுங்கள். பகலில் கண்ணீர் போன்ற சொட்டு மருந்தும், இரவில் களிம்பும் மருத்துவர் தருவார். இமையை டேப் ஒட்டி மூடுவதை அவரிடம் கற்றுக்கொண்ட பிறகே செய்ய வேண்டும். தவறாக ஒட்டினால் டேப்பே கருவிழியை உரசிவிடும். தேவைப்பட்டால் சிறிய அறுவை சிகிச்சையும் உண்டு. உறுத்தும் கண்ணில் சுர்மா, பன்னீர், தாய்ப்பால் எதுவும் விட வேண்டாம். பழைய சொட்டு மருந்தும் வேண்டாம். ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் புண்ணை மோசமாக்கும்.

வலி கூடினாலோ, வெளிச்சம் கூசினாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். செலவுக்கோ துணைக்கோ ஆளில்லை என்றால் நமது அலுவலகத்தில் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், நாம் ஏற்பாடு செய்வோம்.

உறங்குபவர் தன் கண்ணைத் தானே பார்க்க முடியாது. இன்றிரவு உங்கள் வீட்டுப் பெரியவர்கள் உறங்கிய பின் ஒருமுறை பார்த்துவிட்டுப் படுங்கள்.