சிறைக்குள் கட்டிய ராக்கி



தவறு செய்த சகோதரரிடம் தனியாகப் போய்ப் பேசச் சொல்கிறார் இயேசு (மத்தேயு 18:15). நாமோ ஊருக்கெல்லாம் சொல்கிறோம். அவரிடம் மட்டும் சொல்வதில்லை.

1995 பிப்ரவரி 25 அன்று மத்தியப் பிரதேசத்தில், பேருந்துப் பயணத்தில் அருட்சகோதரி ராணி மரியாவைச் சமந்தர் சிங் குத்திக் கொன்றார். 2002-இல் மரியாவின் தங்கை அருட்சகோதரி செல்மி பால் சிறைக்கே சென்று அவருக்கு ராக்கி கட்டினார். குற்றத்தை மூடி மறைக்கவில்லை. சமந்தர் 2006 வரை சிறையில்தான் இருந்தார். அவரின் கைகளை மரியாவின் தாய் முத்தமிட்டார். மகளைக் கொன்ற கைகள்!

நம் குளத்தூரில் வரப்புத் தகராறுக்காகப் பேச்சை நிறுத்திக்கொண்டு, ஒரே திருப்பலியில் நற்கருணை வாங்குகிறோம். வரும் ஞாயிறுக்குள் நம்மில் யார் முதலில் போய்க் கதவைத் தட்டுவது?